பீடத்துக்கு இந்தப் பக்கம்

மணிப்பூர், பாலஸ்தீனம், விலைவாசி என்று மறையுரையில் பேசும் வாரங்களில் “நல்லா இருந்துச்சு சாமி” என்று கைகூப்புகிறவர்கள் அதிகம். தேர் எந்தெந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பேசும் வாரங்களில் அதே ஆட்கள் பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறார்கள். தூரத்து அநீதியைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பக்கத்துத் தெருவின் அநீதி வீடுவரைக்கும் கூடவே வரும்.

*

1971இல் ரோமில் கூடிய ஆயர்கள் மாமன்றம் ‘உலகில் நீதி’ என்ற ஆவணத்தை வெளியிட்டது. நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் உள்ளுறுப்பு, அதைக் கழித்துவிட்டு நற்செய்தியைத் தனியாக அறிவிக்க முடியாது என்பது அதன் சாரம். குருமடத்தில் படித்த எல்லாருக்கும் இந்த இடம் மனப்பாடம். அதே ஆவணத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் இருக்கிறது: மக்களிடம் நீதி பேசத் துணிகிறவர் முதலில் அந்த மக்களின் கண்ணுக்கு நீதியுள்ளவராகத் தெரிய வேண்டும். அதற்குப் பின் வரும் பட்டியல் மிகவும் நடைமுறையானது. திருச்சபைக்கு வேலை செய்கிறவர்களின் ஊதியம், பெண்களுக்கு உரிய பொறுப்பு, சொத்துகளை வைத்திருக்கும் விதம், குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லும் உரிமை.

முதல் பகுதி கருத்தரங்குகளில் அடிக்கடி மேற்கோளாகிறது. இரண்டாவதை மேடையில் சொன்னால் அடுத்த கேள்வி மேடையில் உட்கார்ந்திருப்பவர்களை நோக்கித்தான் வரும்.

*

ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ புத்தகத்தைப் புதிதாகக் குருப்பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கலாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலின் கதை அது. இரண்டு கூடங்கள் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரிந்து நிற்க, அவை சேருமிடத்தில் பீடம். ஒரு கூடம் வேளாளர் தரப்புக்கு, மற்றது நாடார் தரப்புக்கு. நடுவில் சுவர். இரண்டு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

அந்தக் கோயிலுக்கு ஒரு கொத்தனார் வரைபடம் போட்டிருப்பார், ஒரு சாமியார் அதைப் பார்த்துத் தலையசைத்திருப்பார், ஓர் ஆயர் வந்து மந்திரித்திருப்பார். இறையியல் புத்தகங்களில் இல்லாத ஓர் இறையியல் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றது. கடவுளோடு ஒப்புரவு ஆகலாம், அயலாரோடு வேண்டாம் என்ற இறையியல்.

1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போன வழக்கில், சாதியை வைத்துக் கோயிலுக்குள் தனி இடம் கேட்கும் உரிமை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இடித்த தைரியம் மட்டுமில்லை. எதிர்த்தரப்பு தன் கோரிக்கையை வெளிப்படையாக, எழுத்தில், கையெழுத்தோடு வைத்ததும்தான். இன்று எந்தப் பங்கிலும் யாரும் அப்படி எழுதிக் கொடுப்பதில்லை.

*

தத்துவ போதகரான ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், மரக்கறி உண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற சண்டை ரோமுக்குப் போனது. 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அதே ஆவணம், உயர்குடியில் பிறந்தவர்கள் எளியவர்களை இகழக் கூடாது, குறிப்பாக இறைவார்த்தை கேட்கும்போதும் அருட்சாதனங்களைப் பெறும்போதும் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொண்டது.

அனுமதி கிடைத்த பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. மன்றாட்டு நானூறு வருஷமாக மன்றாட்டாகவே இருக்கிறது.

நொபிலியைத் திட்டுவது இப்போது எளிது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தமிழனின் உடையிலும் உணவிலும் மொழியிலும் கடவுளைப் பேச முடியும் என்று நினைத்ததே பெரிய பாய்ச்சல். பண்பாட்டை மதிக்கப் போய், பண்பாட்டுக்குள் ஒளிந்திருந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்து மதித்துவிட்டார் என்பதே சிக்கல். பண்பாட்டுமயமாக்கம் பற்றி நாங்கள் இன்று நடத்தும் கூட்டங்களிலும் இதே குழி இருக்கிறது. குத்துவிளக்கு ஏற்றுகிறோம், ஆரத்தி எடுக்கிறோம். பறையைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா என்று கேட்டால் கூட்டம் கொஞ்ச நேரம் மௌனமாகிறது.

*

சிறுவயதில் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனைக்கென்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பட்டியல் நீளமானது. ஞாயிறு பூசை காணாமல் விட்டது, வெள்ளிக்கிழமை மாமிசம் தின்றது, பெரியவர்களை எதிர்த்துப் பேசியது. ஒருவன் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்று சொன்னது பாவம் என்று அதில் இல்லை. பட்டியலில் இல்லாததைப் பிள்ளைகள் எப்படிப் பாவம் என்று அறிவார்கள்?

இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடமே நேராகச் சொன்னார்: கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான தோழமைக்கு எதிரானது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையும் வெளியிட்டது. இரண்டும் நல்ல காகிதங்கள். புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளின் ஆன்ம சோதனைப் பட்டியலில் ஒரு வரியாக இறங்கும்போதுதான் அவை சட்டமாகும்.

*

கத்தோலிக்க மணமாலை விளம்பரங்களைப் படித்தால் திருச்சபையின் நிஜமான அமைப்பு தெரியும். முதலில் ‘ஆர்.சி.’, அடுத்து சாதி, அதற்கும் அடுத்து உட்பிரிவு. ஞானஸ்நானத் தண்ணீர் முதல் இரண்டு எழுத்தை மட்டும்தான் நனைத்திருக்கிறது.

*

சூசை என்பவர் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மவுண்ட் ரோட்டைச் சந்திக்கும் முனையில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். தெருவோரம் செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தபோது இவருக்குக் கிடைக்கவில்லை. ஆதிதிராவிடர்தான், ஆனால் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் மனு தள்ளுபடி ஆனது. மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு கிறிஸ்தவத்துக்குள்ளும் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும், அது வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

எல்லாவற்றுக்கும் மூலம் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி. பட்டியல் சாதியினர் என்றால் இந்துக்கள் மட்டுமே என்றது அது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை எடுக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடி கட்டுகிறோம்.

சூசையின் தீர்ப்பு எங்களை நிறுத்திவைத்த இடம் விசித்திரமானது. அரசிடம் உரிமை கேட்க வேண்டுமானால் “எங்கள் கோயிலுக்குள் தீண்டாமை இருக்கிறது” என்று நாங்களே ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். ஆகஸ்ட் ஊர்வலத்தில் அதைத் தொண்டை கிழியச் சொல்கிறோம். செப்டம்பரில் அதே பங்கில் ஒருவர் எழுந்து “கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்குத் தனி மூலை ஏன்?” என்று கேட்டால், அப்படியெல்லாம் இங்கே ஒன்றுமில்லை என்கிறோம். டெல்லிக்கு ஒரு சாட்சியம், ஊருக்கு ஒரு சாட்சியம்.

இடையில் மாட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் ஏராளம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர். கோயிலில் ஆரோக்கியம், தாலுகா ஆபீஸில் ஆறுமுகம். 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து கோயிலுக்கும் போய்க்கொண்டிருந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் இந்து என்று சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று கடுமையாகவும் சொன்னது. அந்தச் சொல்லைத் தாங்க வேண்டியவர் அந்தப் பெண் மட்டுமா? விசுவாசத்தையும் வயிற்றையும் எதிரெதிரே நிறுத்திய சட்டத்துக்கும், அந்தச் சட்டம் தப்பென்று சொல்லிக்கொண்டே தன் முற்றத்தில் கோடு கிழித்து வைத்திருக்கும் திருச்சபைக்கும் அதில் பங்கில்லையா?

*

எறையூர், 2008 மார்ச் 9. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் ஒரே கத்தோலிக்கப் பங்கு. தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். மோதல், வீடுகள் நொறுங்கின, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது.

தனிப் பங்கு கொடுப்பது சரியா? எனக்குள்ளேயே இரண்டு பதில் உண்டு. கொடுத்தால் சாதிக்கொரு கோயில் என்று திருச்சபையே எழுதிக் கொடுத்ததாகும். கொடுக்காவிட்டால், ஒற்றுமை என்ற பெயரில் அவமானத்தைத் தொடர்ந்து சகித்துக்கொள்ளச் சொல்வதாகும். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஒற்றுமைக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப்படுகிறவர் எப்போதும் ஒரே தரப்பு என்பதைக் கவனிக்கிறேன். ஒன்றாக இருப்பது அவ்வளவு புனிதமென்றால் அதன் செலவை வசதியுள்ளவர் ஏற்கட்டும். அதுவரைக்கும் பிரிந்து போகக் கேட்பவர்களைப் பிரிவினைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

எல் சால்வதோரில் 1977 மார்ச் 12 அன்று ருத்திலியோ கிராந்தே என்ற இயேசு சபைக் குருவைச் சுட்டுக் கொன்றார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளை ஒன்றுசேர்த்தவர். பேராயர் ரொமேரோ பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாதுவானவர், வம்புக்குப் போகாதவர் என்று நம்பித்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் ஒரு முடிவெடுத்தார். அடுத்த ஞாயிறு மறைமாவட்டம் முழுவதும் ஒரே பூசை, பேராலயத்தில் மட்டும். வேறெங்கும் கிடையாது. தோட்ட முதலாளியும் கூலியும் ஒரே வெயிலில் நிற்க வேண்டும். ஞாயிறு கடனைத் தீர்க்க வேறு இடம் தேடிப் போக வழியில்லை. பணக்காரர்களும் ரோமின் தூதரும் முகம் சுளித்தார்கள்.

1980 மார்ச் 24 அன்று பூசையில் நிற்கும்போதே ரொமேரோ கொல்லப்பட்டார். 2018இல் புனிதரானார். அவருடைய மரணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்கு அந்த ஒரே பூசைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. துப்பாக்கியோ பணமோ இல்லாத ஓர் ஆயர், தன் கையிலிருந்த ஒரே அதிகாரத்தை, வழிபாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை, நீதிக்குப் பயன்படுத்தினார். அந்த அதிகாரம் இங்குள்ள ஒவ்வோர் ஆயரிடமும் இருக்கிறது. இங்கே திருவிழாவில் ஒன்பது நவநாளுக்கும் ஒன்பது மண்டகப்படி, ஒவ்வொன்றும் ஒரு சாதிக்கு அல்லது ஒரு தெருவுக்கு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், மண்டகப்படியே கிடையாது என்று அறிவித்தால் என்ன ஆகும்?

*

1965 நவம்பர் 16. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியப்போகிற நேரம். ஏறத்தாழ நாற்பது ஆயர்கள் ரோமில் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் கூடி ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். வீடு, சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றிலும் சாதாரண மக்களைப் போல் வாழ்வோம், பொன்னும் வெள்ளியும் அணிய மாட்டோம், எங்கள் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள மாட்டோம், பெருமைப் பட்டங்களால் அழைக்க விடமாட்டோம்.

நேற்று பக்கத்துப் பங்கின் உறுதிபூசுதல் விழாவுக்குப் போனேன். நுழைவாயிலில் இருபதடி ஃபிளெக்ஸ். மேதகு, பேரருட்திரு, அருள்முனைவர் என்று பட்டங்கள் முடிந்த பிறகுதான் இயேசு வருகிறார், மூலையில், சின்னதாக.

*

ஸ்டேன் சுவாமியைப் பற்றி எழுதாமல் இந்த நோட்டுப் புத்தகம் முடியாது.

1937இல் திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்தார். பெங்களூர் இந்தியச் சமூக நிறுவனத்தின் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்தார். அதோடு நின்றிருந்தால் மரியாதைக்குரிய சமூகவியல் அறிஞராக வயதாகியிருப்பார். ஜார்க்கண்டுக்குப் போனார். ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் ‘பகைச்சா’ என்ற மையத்தைத் தொடங்கினார். நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் ஆதிவாசி நிலம் போய்க்கொண்டிருந்த இடம் அது. அவர் கேட்டவை புரட்சிகரமான கேள்விகள்கூட இல்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை ஏன் நடைமுறையில் இல்லை? 1996இன் பெசா சட்டப்படி கிராம சபையைக் கேட்டீர்களா? நக்சலைட்டுகள் என்று சொல்லிச் சிறையில் போட்டிருக்கும் ஆதிவாசி இளைஞர்களின் வழக்குகள் ஏன் விசாரணைக்கே வரவில்லை? சிறையிலிருந்த விசாரணைக் கைதிகளைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டார், உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார்.

2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. வயது 83. நடுக்குவாதம். தம்ளரைக் கையில் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது, உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நவம்பர் 6ஆம் தேதி நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். பதில் சொல்ல முகமை இருபது நாள் அவகாசம் கேட்டது. சக கைதிகள் அவருக்கு ஊட்டிவிட்டார்கள், குளிக்க உதவினார்கள். சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் தன் நோயைவிட அவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதினார். 2021 ஜூலை 5, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த நேரத்தில், அவர் இறந்துவிட்ட செய்தியை மருத்துவர் நீதிபதிகளிடம் சொன்னார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விசாரணையே தொடங்கவில்லை.

தமிழகத்தில் எங்கள் பங்குகளிலும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அழுதோம், உண்மையாகத்தான். அவர் உயிரோடு இருந்து, ராஞ்சியில் செய்ததை இங்கே வந்து செய்திருந்தால்? எங்கள் பள்ளிகளின் ஊதியப் பட்டியலையும் எங்கள் கல்லறைத் தோட்டங்களின் வரைபடத்தையும் கேட்டு ஓர் ஆய்வறிக்கை போட்டிருந்தால்? மெழுகுவர்த்தியின் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

அவரைப் புனிதராக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆகட்டும். ஆனால் பீடத்தில் ஏற்றிவிட்டால் அவர் கேள்வி கேட்பது நின்றுவிடும் என்று ஒரு பயமும் எனக்கு உண்டு.

*

திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஞாயிற்றுக்கிழமை இந்தித் திருப்பலிக்கு வரும் பையன்களைப் பாருங்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர். ஒராவோன், முண்டா, காரியா இளைஞர்கள். திருச்சிக்காரர் ஒருவர் யாருடைய நிலத்துக்காக வடக்கே போனாரோ, அவர்களுடைய பிள்ளைகள் நிலம் போன பிறகு பனியன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் தெற்கே வருகிறார்கள். பங்குக்கு அவர்கள் தலைக்கட்டு வரி கட்டுவதில்லை, அன்பியக் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆகவே பங்கின் கணக்கில் அவர்கள் இல்லை. “நார்த் இண்டியன்ஸ்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

திராட்சைத் தோட்டத்து உவமையில் சாயங்காலம் வரை சந்தையில் நின்றவர்களை முதலாளி கேட்கிறார், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று. எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். கடைசி மணி நேரம் உழைத்தவருக்கும் முழு நாள் கூலி. காலை ஆறு மணிக்குச் சித்தாள்கள் கூடும் நாற்சந்தியைக் கடந்து பூசைக்குப் போகிற நாள்களில் இந்த உவமை பரலோகத்தைப் பற்றியது என்று மட்டும் பிரசங்கம் வைக்க மனம் வருவதில்லை. ஒரு வீட்டின் ஒரு நாள் பசிக்கு எவ்வளவு வேண்டுமோ அதுதான் கூலி என்று அந்த முதலாளி கணக்குப் போட்டிருக்கிறார்.

*

13ஆம் சிங்கராயரின் ‘ரேரும் நோவாரும்’ 1891இல் வந்தது. தொழிலாளி சம்மதித்தான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது, வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்றது. கத்தோலிக்கச் சமூகப் போதனையின் அஸ்திவாரமே அதுதான். கத்தோலிக்கப் பள்ளியின் சுயநிதிப் பிரிவில் கணக்கு எடுக்கும் ஆசிரியை என்ன வாங்குகிறார் என்று கேட்டுப் பார்க்கலாம். “அவங்க ஒத்துக்கிட்டுத்தானே ஃபாதர் வந்தாங்க” என்று பதில் வரும். 1891இல் மறுக்கப்பட்ட அதே வாதம்.

பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மாவுக்கு வார விடுப்பு உண்டா? உபதேசியாருக்கு வருங்கால வைப்பு நிதி உண்டா? கோயில் மணியை அடிக்கிறவருக்குப் பண்டிகை நாளில் என்ன கூலி? கோபுரத்தின் உயரத்தைக் கூட்டப் பணம் சேருகிறது. இதற்குச் சேருவதில்லை.

*

“சாமி, நீங்க சேவைன்னு நினைச்சுச் செய்யுங்க, அரசியல் வேண்டாம்.” நல்ல மனதோடு சொல்லும் பெரியவர். பசித்தவனுக்குச் சோறு போட்டால் சேவை. ஏன் பசிக்கிறது என்று கேட்டால் அரசியல். அவர் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. அவரிடம் சண்டை போட விருப்பமும் இல்லை.

ஆனால் ஜெபிக்கிறவர்கள் ஒரு பக்கம், போராடுகிறவர்கள் ஒரு பக்கம் என்ற பிரிவை இடிந்தகரையில் பார்க்க முடியவில்லை. 2011இலிருந்து கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மீனவப் பெண்கள் உட்கார்ந்தது லூர்து மாதா கோயில் முற்றத்துப் பந்தலில்தான். செபமாலை சொன்ன அதே வாய்தான் முழக்கமும் போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு விழுந்தது. அதற்கும் முன்னால், 1989 மே தினத்தன்று கன்னியாகுமரியில் மீனவர் ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டபோது, அந்த ஊர்வலத்தை நடத்திய தேசிய மீனவர் அமைப்பின் தலைவர்களில் தாமஸ் கோச்சேரி என்ற கேரளக் குருவும் ஒருவர். மரியாள் பாடியதாக லூக்கா சொல்லும் பாட்டில் வலியவர்கள் அரியணையிலிருந்து இறங்குகிறார்கள். தினமும் மாலை ஜெபத்தில் அதைச் சொல்கிறோம். பெண்கள் சிலர் அதை நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

*

2018 செப்டம்பரில் கொச்சியில் ஐந்து கன்னியர் தெருவில் உட்கார்ந்தார்கள், தங்கள் சகோதரி ஒருவர் ஓர் ஆயர் மேல் கொடுத்த பாலியல் புகாருக்கு நடவடிக்கை கேட்டு. 2022இல் விசாரணை நீதிமன்றம் அந்த ஆயரை விடுவித்தது. வழக்கின் போக்கு நீதிமன்றத்தின் வேலை. எங்கள் வேலை வேறு: புகார் சொல்ல ஒரு கன்னியர் தெருவுக்கு வர வேண்டியிருந்ததே, உள்ளே ஒரு கதவுகூடத் திறக்கவில்லையா? நியாயமான விசாரணை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு ஆவணம் சொன்னதை அந்த ஐந்து பேரும் எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார்கள்.

*

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது பங்குப் பேரவையின் தீராத தலைவலி. வழக்கமாகக் கோயில் பெரியவர்கள், நன்கொடையாளர்கள். எல்லாரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, புது வேட்டியில் வந்து உட்காருவார்கள். கழுவுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

பாப்பரசர் பிரான்சிஸ் 2013இல் ரோமின் சிறார் சிறைக்குப் போய்ப் பெண்களுடைய, முஸ்லிம்களுடைய பாதங்களையும் கழுவினார். 2016 ஜனவரியில் விதியையே மாற்றினார். ஆண்கள் மட்டும் என்பது போயிற்று. பத்து வருஷமாகியும் பல கோயில்களில் அந்த விதி இன்னும் வந்து சேரவில்லை. வரிப் பாக்கி பற்றிய சுற்றறிக்கை மட்டும் அன்றைக்கே வந்துவிடும்.

*

வரும் பங்குப் பேரவைக்கு வைக்கப்போகும் பொருள்கள்:

கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே பதிவேடு. இறந்த வரிசையில் குழி. யார் எந்தத் தெரு என்ற கேள்வி இல்லை.

வரி கொடுக்கும் எல்லாத் தெருவுக்கும் தேர் போகும். போகாத தெருவிடம் வரி வாங்குவதில்லை. தேர் போகத் தெருவின் அகலம் போதாது என்று சொல்கிறவர்கள் நாடாவைக் கொண்டுவந்து அளந்து காட்டலாம்.

உபதேசியார், சமையல்காரர், மணியடிப்பவர் ஊதியம். திருவிழாச் செலவை முடிவு செய்யும் முன்பு இது முடிவாக வேண்டும்.

பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேரைக் குலுக்கல் முறையில் எடுப்பது. இந்தித் திருப்பலிக்கு வருகிறவர்களின் பெயர்களும் குடத்தில் இருக்கும்.

பங்குக் கணக்கு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில்.

என்ன பதில் வரும் என்று தெரியும். “ஊர் வழக்கம் சாமி, நீங்க அஞ்சு வருஷத்துல மாறிப் போயிருவீங்க, நாங்க இங்கதான் இருக்கணும்.” நியாயமான பேச்சுதான், நான் மாறிப் போகத்தான் போகிறேன். அதனால்தான் ஒன்று மட்டும் கேட்கப்போகிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கட்டும். ஆனால் காரணத்தைப் பேரவைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வடக்கன்குளத்தார் தங்கள் சுவரை எழுத்தில் கேட்டார்கள். அதனால்தான் அவர்களுக்கு எழுத்தில் ஒரு பதிலைச் சொல்ல முடிந்தது. இங்கே சுவருக்கு மனுவே இல்லை என்பதால் இடிக்கவும் ஆணை இல்லை. முதலில் மனு வரட்டும். குறிப்பேடு பங்கின் சொத்து, எனக்குப் பின்னால் வருகிறவரும் அதைப் படிப்பார்.